பழைய என்டர்பிரைஸ் படகின் சுக்கான்: சீர்செய்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்

ஜாக் ஹோல்ட் 1956இல் வடிவமைத்த என்டர்பிரைஸ் வகையைச் சேர்ந்த, 4.04 மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றைச் சென்னைக் கடலில் ஓட்டி வருகிறேன். அதன் சுக்கானை நான்கு ஆண்டுகளுக்கு முன் முழுவதுமாகக் கழற்றிச் சீர்செய்தேன். அப்போது செய்த வேலைகளில் எவை நின்றன, எவை நிற்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு அது உப்புநீரில் கிடந்துவிட்டது.

தொடக்கத்தில் குறைகள் இரண்டு இருந்தன. காற்று வலுத்தால் சுக்கான் பிடி கைக்குக் கனத்தது. அலையில் சுக்கான் கடகடவென்று ஆடியது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எண்ணி, பிண்டில் எனப்படும் ஆணிகளையும், அவை அமரும் கட்ஜன் வளையங்களையும் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி. ஆட்டம் தேய்ந்த வளையங்களால் வந்தது. கனத்துக்குக் காரணம் வேறு: சுக்கானின் நீருக்குள் இருக்கும் பலகையான பிளேடைக் கீழே இழுத்து நிறுத்தும் கயிறு தளர்ந்திருந்ததால், ஓட்டத்தின்போது பிளேடு பின்னோக்கிச் சாய்ந்தது, நீரின் அழுத்தம் சுழலும் அச்சிலிருந்து விலகிப் பின்னால் போனதால், அதே திருப்பத்துக்குக் கை கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. நீட்சி குறைந்த கயிறு ஒன்றை மாற்றியதும் பிடி இலகுவானது. மொத்த வேலையிலும் மிக மலிவானது இதுதான்; இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

ஆட்டத்தைப் பிளேடின் நுனியில் அளக்க வேண்டும். என் படகில் இரண்டு பிண்டில்களுக்கும் இடையே 25 செ.மீ.; மேல் பிண்டிலிலிருந்து பிளேடு நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர். மேலே இறுக்கமாக இருந்து கீழே 1 மி.மீ. தளர்ந்தாலே நுனி 4 மி.மீ. அசையும். வளையங்களுக்குள் இடைவெளியை நிரப்பும் உள்குழாயாக முதலில் நைலான் புஷ் இட்டேன். நைலான் தண்ணீரைக் குடித்து உப்பும் தன்மையுடையது என்பதை அப்போது பொருட்படுத்தவில்லை. சில வாரங்களில் சுக்கான் இறுகித் திரும்ப மறுத்தது. பிறகு அசிட்டால் பிளாஸ்டிக்கில் கடைசல் பட்டறையில் செய்து வாங்கிய புஷ்கள் இன்றுவரை உப்பவில்லை.

பிளேடு கடல்நீருக்கேற்ற ஒட்டுப்பலகையால் ஆனது. அச்சு போல்ட்டின் துளை வழியே நீர் உள்ளே இறங்கி அடுக்குகள் பிரியத் தொடங்கியிருந்தன. வண்ணத்தைச் சுரண்டி நிழலில் உலரவிட்டு, வாரம் ஒருமுறை எடை போட்டேன். 3.9 கிலோவாக இருந்தது 3.4இல் நின்று, அதன்பின் குறையாதபோதுதான் எப்பாக்சி என்னும் இருகூறுப் பிசினைக் கையில் எடுத்தேன். துளையைப் பெரிதாக்கி, பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியால் அடைத்து, அது இறுகியபின் நடுவே புதிய துளை இட்டதால், போல்ட் இப்போது எந்த இடத்திலும் மரத்தைத் தொடுவதில்லை. நம் ஊர் வெயிலில் எப்பாக்சி கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும் என்பதால் அதிகாலையில் சிறிது சிறிதாகக் கலந்தேன். ஈரக் காற்றில் மேலே படியும் மெழுகு போன்ற பிசுக்கை ஓரிடத்தில் மட்டும் நீரால் கழுவாமல் தேய்த்துவிட்டு அடுத்த பூச்சைப் பூசினேன். அந்த இடம் இரண்டாம் ஆண்டில் உரிந்தது.

திருகாணிகளிலும் ஒரு பாடம் கிடைத்தது. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு, வெளியே பளபளவென்றிருந்தாலும், காற்றுப் படாத இடுக்கில் அரித்துப்போயிருந்தது. 316 வகைக்கு மாறினேன். பிளேடைத் தாங்கும் அலுமினியச் சுக்கான் தலையில் அவற்றை முடுக்கும்போது, இரு உலோகங்களும் சேருமிடத்தில் அரிப்பு வராதபடி இடையே தடுப்புக் களிம்பு தடவினேன். தடவ மறந்த ஒரே திருகாணியைச் சுற்றி வெண்பொடி பூத்து, கழற்ற முடியாமல் துளையிட்டே எடுக்க நேர்ந்தது. படகின் பின்பலகையில் கட்ஜன்களைப் பாலியூரித்தேன் ஒட்டு வைத்துப் பொருத்தியதை மட்டும் இன்று செய்யமாட்டேன். நீர் புகவில்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த முறை அவற்றைப் பெயர்க்கும்போது பின்பலகையின் மேற்பரப்பும் சேர்ந்து வரக்கூடும்.

படகு கவிழ்ந்தால் சுக்கான் கழன்று போகாமல் தடுக்கும் பூட்டு ஸ்பிரிங்கை ஆண்டுதோறும் மாற்றுகிறேன். சென்ற மாதம் அளந்தபோது நுனியில் ஆட்டம் 2 மி.மீ. இருந்தது, 5ஐத் தொட்டால் புஷ்களைப் புதிதாகக் கடைந்து வாங்க வேண்டும்.