சீல் பிரிக்காத பெட்டியை நம்பி ஏமாந்த கதை: பழைய கப்பல் கிட்களோடு 12 வருடம்

பழைய பிளாஸ்டிக் கப்பல் கிட்களை, அதாவது பாகங்களை ஒட்டி மாதிரிக் கப்பல் செய்யும் பெட்டிகளை, தேடிச் சேர்க்க ஆரம்பித்து 12 வருடம் ஆகிறது. அலமாரியில் இப்போது 61 பெட்டிகள். ஒட்டி முடித்தவை நாலே நாலு. "செய்யாத கப்பலை வைத்துக்கொண்டு என்ன பண்ணப்போகிறாய்?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. அதற்கு இன்னும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் வாங்கும் விஷயத்தில் ஒரு பழக்கம் அடியோடு போய்விட்டது: சீல் பிரிக்காத பெட்டி என்றால் கூடுதல் காசு கொடுப்பது.

கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலின் கிட்தான் காரணம். ரெவெல் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த 1/96 அளவு கிட், முடித்தால் மூன்றடி நீளம் வரும். உறை பளபளவென்று இருந்ததால் ஆறு வருடம் தொடாமலே வைத்திருந்தேன். ஒருநாள் இடம் மாற்றத் தூக்கியபோது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. மனசு கேட்கவில்லை, பிளேடால் கீறிவிட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் பாய்கள் ஒரு மூலையில் நசுங்கி, மடிப்பில் வெடித்திருந்தன. கப்பலின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து யாரோ ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். அது பிசுபிசுவென்று இளகி, அடிப்பகுதியில் செப்புத்தகடு போல வார்த்திருந்த நுண்ணிய கோடுகளின் குறுக்கே பழுப்புத் தழும்பாகப் பதிந்திருந்தது. இரண்டு படகுகள் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியே வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டப்பட்டு, வெள்ளை பெயின்ட் வேறு. சூடு காட்டினால் சுருங்கும் உறையும் ஒரு ஹேர் டிரையரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் சீல் போடலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போதெல்லாம் திறந்த பெட்டியைத்தான் விரும்பி வாங்குகிறேன். எல்லா ஸ்ப்ரூக்களையும் மேஜையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். செய்முறைத் தாளோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் பணம். "எல்லாம் இருக்கும்னு நினைக்கிறேன்" என்று விற்பவர் சொன்னால், ஏதோ இல்லை என்று அர்த்தம்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம், பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் வருடம். அது பாகங்களை வார்க்கும் அச்சைச் செய்த வருடம். உங்கள் பெட்டி அதற்கு 20 வருடம் கழித்து வந்ததாகவும் இருக்கலாம். அச்சுகளுக்கு ஆயுசு கெட்டி, கை மாறிக்கொண்டே இருக்கும். பைரோ கம்பெனி அச்சுகள் லைஃப்-லைக்குக்குப் போய், அங்கிருந்து லிண்ட்பெர்க்கிடம் வந்தன. ரெவெலின் பீகிள் கப்பலை ஆசையாக வாங்கிப் பிரித்தால், உள்ளே இருப்பது 1956-ல் வந்த பவுண்டி என்ற வேறொரு கப்பலின் கிட்டைக் கொஞ்சம் மாற்றிய வடிவம். டார்வின் போன கப்பல் என்று அதைக் காட்டிப் பெருமையடித்தவன் நான். அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

ஆக, பிளாஸ்டிக் அவ்வளவு அரிது இல்லை. காகிதம்தான் அரிது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் முதல் கப்பல் கிட்டான கோல்டன் ஹிண்ட் 1952-ல் உல்வொர்த்ஸ் கடைகளில் பாலித்தீன் பையில் விற்றது. பையின் வாயில் மடித்துக் குத்திய ஒரு காகிதம், அவ்வளவுதான். வாங்கிய பையன் முதலில் கிழித்து எறிந்திருப்பது அதைத்தான். பெட்டி மூடி, செய்முறைத் தாள், டீகால் (நனைத்து ஒட்டும் சின்னங்கள்) மூன்றும் முதல் வெளியீட்டுடையவையாக இருந்தால் மட்டும் நான் கேட்கும் விலைக்கு ஒத்துக்கொள்கிறேன்.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. வெயில் படாத, ஈரமில்லாத அலமாரி போதும். நீளப் பெட்டிகளை மூன்றுக்கு மேல் அடுக்கினால் அடிப்பெட்டியின் மூடி உள்வாங்கும். டீகால் மஞ்சளித்திருந்தால் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், சில நாள் வெயிலில் வெளுக்கும். வளைந்த கப்பல் மேல்தளத்தைச் சுடுநீரில் முக்கி, இளகியதும் சமதளத்தில் அழுத்திப் பிடித்தால் நேராகும். கொதிக்கும் நீர் கூடாது.

அந்தக் கட்டி சார்க்கைத் திருப்பி அனுப்பவில்லை. தழும்பைத் தேய்த்தால் தகட்டுக் கோடுகளும் சேர்ந்து போய்விடும் என்பதால், செப்பு நிறத்தை அங்கே மட்டும் கொஞ்சம் கெட்டியாகப் பூசினேன். பாய்களைக் காகிதத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது முடிந்திருக்கிறது.