கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு லயத்து நூதனசாலை: வீட்டுப் பெரியவரோடு போங்கள்

இலங்கை மலையகத்தில், கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவைக்குப் போகும் பாதையில் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன், பாரதெக்கவில் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே. மெல்பேர்னிலிருந்து லீவில் வந்த மச்சான்தான் இழுத்துக்கொண்டு போனார், கூடவே எண்பதை நெருங்கும் அம்மாயியும்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. கண்டியில் உள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007ல் தொடங்கியது. புதுக் கட்டடம் கட்டாமல், தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த பழைய லயக் காம்பராக்களிலேயே வைத்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் முதலில் பிடித்தது. கூலிக்காரன் என்று சொன்னவர்களுக்கு முன்னால் நம் சாமான்களும் சரித்திரம்தான் என்று நிமிர்ந்து நிற்கிற இடம் இது. வேலைக் கருவிகள், அடுப்படிச் சாமான்கள், தப்பு மேளம், பழைய படங்கள், பத்திரங்கள், அப்புறம் ஒரு நூலகமும் உண்டு.

தப்பைப் பார்த்ததும் அம்மாயி நின்றுவிட்டார். விடியக்காலையில் தப்புச் சத்தத்துக்கு எழும்பி, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்கு ஓடியது, கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுத்தது, எல்லாம் வந்தது. எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த 1948 குடியுரிமைச் சட்டமும் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் எனக்குப் பரீட்சைக்குப் படித்த விஷயம், அவருக்கோ ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறிய சொந்தத் தம்பி. இந்தக் கதையை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

மச்சான் அங்கேதான் தன் ஊர்க் கதையைச் சொன்னார். மெல்பேர்னில் அவர் இருக்கும் கோபர்க், மோர்லண்ட் என்ற மாநகர சபைக்குள் இருந்தது. அந்தப் பெயர் ஜமேக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு கரும்புத் தோட்டத்தின் பெயர், 1839ல் நிலம் வாங்கிய வெள்ளைக்காரர் வைத்தது. மண்ணுக்குச் சொந்தக்காரர்களான வுருண்ட்ஜெரி பூர்வகுடிப் பெரியவர்கள் 2021ல் சபைக்குப் போய் இது எங்களுக்கு வலிக்கிறது, மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் மொழியிலேயே மூன்று பெயர் கொடுத்து, சபை ஊர்மக்களிடமும் கேட்டு, 2022 செப்டம்பரில் மெரி-பெக் ஆகிவிட்டது. பாறை நிலம் என்று அர்த்தமாம்.

அம்மாயி கேட்ட ஒரே கேள்வி: "சபைக்காரங்க அவங்கள உக்கார வச்சுக் கேட்டாங்களா?"

எங்கள் அப்பா தோட்டத்துப் பாதைக்காகப் பிரதேச சபைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்துக்குள் சபை கைவைக்க முடியாது என்பார்கள், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது. தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்யலாம் என்று 2018ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் அப்பாவுக்குக் கிடைத்தது அதே பதில்தான், அதுவும் வாசலில் நிற்க வைத்து. நாங்கள் வோட்டுப் போடாத ஆட்களா என்ன? பெயர் மாற்றினால் மட்டும் பூர்வகுடிகளுக்கு நிலம் திரும்பி வராது என்று மச்சானும் சொன்னார், சரி, ஆனால் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதிலிருந்துதானே எதையும் தொடங்க முடியும்? எங்கள் சபை உறுப்பினர்கள் ஒருநாள் இந்த லயத்துக்கு வந்து, தோட்டத்துக் கிழவிகளைக் கூட்டிவைத்துப் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே அழைத்துத் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஓட்டோவே நல்லது. சின்னப் பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் போகாதீர்கள். பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்றும் கணக்குப் போட வேண்டாம், அம்மாயி பேசி முடித்து நாங்கள் வெளியே வரும்போது மூன்று மணி.