‘ஸ்ட்ரைப்ஸ்’ படத்தில் எந்தத் தப்பை மன்னிக்கலாம்?

படத்தொகுப்பு என் தொழில். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் நடிகரின் காலர் மடிப்பு மாறினால்கூட என் கண் அங்கேதான் போகும். ஐவன் ரைட்மேன் இயக்கிய ‘ஸ்ட்ரைப்ஸ்’ (1981) மாதிரி இராணுவ நகைச்சுவைப் படத்தில் அந்தக் கண்ணுக்கு வேலை அதிகம். தொப்பி, பட்டன், முடி என எல்லாவற்றுக்கும் விதி இருக்கிற உலகம் அது. கொஞ்சம் பிசகினாலும் தெரிந்துவிடும்.

முதலில் முடி. வேலை, வீடு, காதலி எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போன டாக்ஸி ஓட்டுநராக பில் மரே, அவரோடு படையில் சேரும் நண்பனாக ஹரால்ட் ராமிஸ். அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். மரேயின் முடி படம் நெடுக அந்த அளவைத் தாண்டியே இருக்கிறது.

இதையோ, ஷாட்டுக்கு ஷாட் பொருந்தாத சின்னச் சின்ன கன்டினியூட்டி பிசகுகளையோ நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மரே கேமரா முன்னால் வசனத்தை மாற்றிப் பேசிப் பார்க்கிற நடிகர். வார்த்தை மாறினால் கை போகிற இடமும் மாறும், தலை திரும்புகிற நேரமும் மாறும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது ஒரு டேக்கின் முன்பாதி இன்னொரு டேக்கின் பின்பாதியோடு ஒட்டாது. சிரிப்பு உள்ள டேக்கா, கை சரியாக உள்ள டேக்கா என்று வந்தால் நானும் சிரிப்பைத்தான் எடுப்பேன்.

அடுத்தது பயிற்சி. இலக்கைச் சொல்லாமல் கேப்டன் மோர்ட்டார் என்கிற சிறு பீரங்கியைச் சுடச் சொல்கிறார். குண்டு, பயிற்சி கொடுக்கிற சார்ஜென்ட் ஹல்கா நிற்கிற கோபுரத்தில் விழுந்து அவர் காயப்படுகிறார். நிஜத்தில் அன்றைக்கே விசாரணை வரும், பிளட்டூனுக்கு, அதாவது இவர்களின் படைக்குழுவுக்கு, வேறொரு சார்ஜென்ட் வருவார். படத்தில் யாரும் வருவதில்லை. பையன்கள் தாங்களாகவே ராத்திரி முழுக்கப் பழகி அணிவகுப்புக்குப் போய் நிற்கிறார்கள். தப்புதான். ஆனால் படத்தின் மிகச் சிறந்த காட்சி அந்தத் தப்பிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் எனக்குக் குறையில்லை. வாரன் ஓட்ஸ் ஹல்காவை ஒரு நொடிகூட கோமாளியாக்காமல் நடித்திருப்பதால், அவர் இல்லாத வெறுமையும் நமக்கு உறைக்கிறது.

சரியாகச் செய்ததையும் சொல்லவேண்டும். பாடிக்கொண்டே நடைபோடுவது அமெரிக்கப் படையில் 1944-இல் வில்லி டக்வொர்த் என்ற சிப்பாயின் பாட்டிலிருந்து பரவிய வழக்கம். பெண்களுக்கான தனிப்படை 1978-இல் கலைக்கப்பட்டு அவர்கள் பொதுப்படையோடு சேர்ந்துவிட்டதால், கதாநாயகிகள் இராணுவப் போலீஸாக வருவதும் பொருத்தம்.

என்னால் மன்னிக்க முடியாதது இரண்டாம் பாதி. அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் மொத்தப் பிளட்டூனும் அப்படியே இத்தாலிக்குப் போகிறது. நிஜத்தில் அவரவர் பிரிவுப்படி மேல்பயிற்சிக்குப் பிரிந்து போவார்கள். அங்கே இவர்கள் கையில் ரகசிய ஆயுத வண்டி ஒன்று ஒப்படைக்கப்படுகிறது. அது அலுமினியமும் கண்ணாடியிழையும் கொண்டு செய்த ஜி.எம்.சி. சுற்றுலா வேன். நண்பர்கள் இருவரும் அதை மேற்கு ஜெர்மனிக்கு ஓட்டிப் போகிறார்கள். தேடிக் கிளம்பும் கேப்டன் மற்றவர்களோடு வழிதவறி செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்துவிடுகிறார்.

இத்தாலிக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் பொது எல்லையே கிடையாது. நடுவில் ஆஸ்திரியா கிடக்கிறது, 1955 முதல் நடுநிலை நாடு. அமெரிக்கப் படை வண்டி அனுமதி இல்லாமல் அதன் எல்லைக்குள் கால்வைத்தாலே பெரிய விவகாரம். அதைப் படம் கண்டுகொள்வதே இல்லை. இவ்வளவு தூரம் கேட்பாரில்லாமல் வந்தவர்கள் கடைசி எல்லையில் மாட்டினால் மட்டும் நான் ஏன் பதற வேண்டும்? எல்லை என்பதற்கே இந்தக் கதையில் மதிப்பில்லாமல் போய்விடுகிறது. அதற்கப்புறம் வருகிற துப்பாக்கிச் சண்டை வெறும் சத்தம்.

இவ்வளவுக்கும் ஒரு ஊரை மாற்றியிருந்தால் போதும். மேற்கு ஜெர்மனியின் பவேரியா செக் எல்லையை ஒட்டியே இருந்தது, பெயரில் மட்டும் குதிரையும் கையில் கவச வண்டிகளும் கொண்ட அமெரிக்கக் குதிரைப்படை ரெஜிமென்ட் அங்கே நிஜமாகவே ரோந்து போய்க்கொண்டிருந்தது. 1968-இல் நுழைந்த சோவியத் படைகளும் எதிர்ப்பக்கம் இருந்தன. ஒரு தவறான திருப்பம் போதும், நம்பியிருப்போம். அணிவகுப்புக் காட்சி வரை தவறாமல் பாருங்கள். மீதி ஓட்ஸுக்காக மட்டும்.