மெத்தியோ-பிரான்ஸ் ரீயூனியன்: புயல் பக்கம் எப்படி?

புயல் நெருங்கினால் ரீயூனியன் தீவில் சேன்தாந்த்ரே முதல் சேன்பியேர் வரை நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் வாதம் கிளம்பிவிடும்: “எல்லாம் பருவநிலை மாற்றம்தான்”, “அந்தக் காலத்திலும் இப்படித்தான் அடித்தது”. இரண்டையும் சரிபார்க்க, பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தியோ-பிரான்சின் இந்த இணையப் பக்கத்தைவிட நல்ல இடம் இல்லை. தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களைக் கணிக்கும் மையமே இதுதான்; பெயர் சூட்டுவது மொரீஷியசும் மடகாஸ்கரும்.

பாதைப் படத்தில் முதலில் நேரத்தைப் பாருங்கள். யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றிருந்தால், நம் நேரத்துக்கு 4 மணி கூட்டிக்கொள்ளுங்கள். பழைய படம் சுற்றுவதால்தான் பாதி பீதி. படத்தில் விரியும் கூம்பு புயலின் அகலமல்ல, மையம் போகக்கூடிய பரப்பு. நடுவில் உள்ள பாதைக் கோட்டை மட்டும் வெட்டிப் பகிர்வது ஆபத்து.

காற்றின் வேகத்திலும் குழப்பம் உண்டு. இங்கே 10 நிமிடச் சராசரி: மணிக்கு 118 கி.மீ.க்கு மேல் வெப்பமண்டலப் புயல், 166-க்கு மேல் தீவிரப் புயல். அமெரிக்காவின் புயல் வகைப்பாடான ‘கேட்டகிரி’ 1 நிமிடச் சராசரி. இரண்டையும் ஒப்பிட்டால் தப்பாகும். திடீர்க் காற்றுவீச்சு இந்தச் சராசரிகள் இரண்டையும் மிஞ்சும்.

1966-இல் நம் தீவின் ஃபோக்-ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1825 மி.மீ. பெய்தது. இதைக் காட்டி பருவநிலை மாற்றமே இல்லை என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். புயல்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் மழை கனக்கும். ஒரே ஒரு புயலை வைத்து எதையும் நிறுவ முடியாது.

குறை: பிரெஞ்சு தெரியாத பெரியவர்களுக்கு யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். உச்சகட்டமான ஊதா எச்சரிக்கை வந்தால் மீட்புப் படையினரும் வெளியே வரமாட்டார்கள். அதை முதலில் சொல்லுங்கள்.