அடிபட்ட வாரத்துக்கு யார் சம்பளம்?

அக்கா மகனுக்குப் பதினேழு வயது. கோலாலம்பூர் செந்தூலில் வீடு, ஐந்தாம் படிவம், இந்த வருஷக் கடைசியில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு. உயரம் 181 சென்டிமீட்டர், எடை 88 கிலோ, பள்ளி ரக்பி குழுவில் ஃபிளாங்கர் என்ற முன்கள ஆட்டக்காரன். போன மாதம் மாமாக் உணவகத்தில் மூன்றாவது ரொட்டி சானாயை முடித்துவிட்டு, "மாமா, ரக்பியையே தொழிலா எடுத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டான். அவன் அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. கிளப் அளவில் எட்டு வருஷம் ப்ராப்பாக ஆடியவன் நான்; ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் இடத்தில், முதல் வரிசை. 28 வயதில் முட்டித் தசைநார் அறுந்தது. அப்போது லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் தினக்கூலி வேலை. மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். அடிபட்டது ஞாயிற்றுக்கிழமைத் திடலில். வேலையிடத்தில் இல்லை என்பதால் தொழிலாளர் காப்பீடான பெர்கேசோ பக்கம் போகவும் வழியில்லாமல் போனது. கிளப்பிலிருந்து பழக்கூடை வந்தது. நல்ல பழங்கள்தான். வாடகையை அக்கா கட்டினாள்.

அதனால் ரக்பியைத் தொழிலாக்கும் வழிகளை ஒப்பிடும்போது உச்சத்தில் எத்தனை லட்சம் கிடைக்கும் என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அடிபட்டுப் படுத்திருக்கும் வாரத்தில் சம்பளம் எங்கிருந்து வரும்? அதுதான் முதல் கேள்வி.

இதை ஒரு முட்டி போன ஆளின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். ரக்பி இரண்டாக உடைந்ததே இந்தக் கூலிக் கணக்கில்தான். 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்துக் கிளப்புகள் கூடின. அவர்களுடைய ஆட்டக்காரர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வந்தால் போன கூலியைக் கிளப் ஈடுகட்டலாம் என்றார்கள் இவர்கள். கூடாது என்றார்கள் வசதியுள்ள தெற்கத்தியர்கள். பிரிந்து போன பக்கம்தான் பிறகு ரக்பி லீக் ஆனது. பிரியாமல் இருந்த ரக்பி யூனியன் பக்கம் வெளிப்படையாகக் காசு வாங்க இன்னும் நூறு வருஷம் பிடித்தது. 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடித்தான் காசு வாங்காமல் ஆட வேண்டும் என்ற அமெச்சூர் விதியை எடுத்தார்கள்.

லீக்கை இங்கேயே முடித்துவிடுகிறேன். பதின்மூன்று பேர், ஆறு டேக்கிளுக்குள் (பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவதுதான் டேக்கிள்) பந்தை முன்னே கொண்டுபோக வேண்டும், ஸ்க்ரம் பேருக்குத்தான். ஆஸ்திரேலியாவின் லீக் தொடரான என்.ஆர்.எல்.லில் பணம் இருக்கிறது. ஆனால் நம் பள்ளிகளில் ஆடுவது யூனியன். சிட்னியில் ஆறு வயதிலிருந்து லீக்கே மூச்சாக வளர்ந்த பையன்களோடு இவன் பதினெட்டில் போய் மோதுவது நடக்கிற காரியமில்லை.

செவன்ஸா, பதினைந்தா?

யூனியனில் பதினைந்து பேர் ஆட்டம் ஒன்று, ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஒன்று. பையனின் மனசு செவன்ஸ் பக்கம். அதற்கு நானும் கொஞ்சம் பொறுப்பு. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில்தான் செவன்ஸ் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. பெட்டாலிங் ஜெயா அரங்கத்தில் நியூசிலாந்து நட்சத்திரம் ஜோனா லோமு ஓடியதைப் பார்த்தவன் நான், தங்கம் அவர் அணிக்கு. அந்தக் கதையை அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டேன். அப்புறம் 2016 ரியோவில் செவன்ஸ் ஒலிம்பிக்கில் நுழைந்தது, ஃபீஜி தங்கம் வாங்கியது. 2017இல் இதே கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் மலேசிய ஆண்கள் தங்கம் வாங்கினார்கள். நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் வடிவம் இதுதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்க்ரம்மில் மூன்று பேர், பாதிக்கு ஏழு நிமிடம். 120 கிலோ ஆட்கள் தேவையில்லை. கால் வேகம் போதும்.

ஆனால் தொழிலாகப் பார்த்தால் செவன்ஸ் ரொம்ப மெல்லிய கயிறு. பெரும்பாலும் கிளப் கிடையாது, நாட்டுக் குழு மட்டும்தான். ஆள் கொஞ்சம், ஒப்பந்தம் அதைவிடக் கொஞ்சம், சம்மேளனத்திடம் காசு தீர்ந்தால் முதலில் கை வைப்பதும் அங்கேதான். 2020இல் கோவிட் வந்தபோது இங்கிலாந்தே தன் செவன்ஸ் திட்டத்தை நிறுத்தியது. பிரான்சின் ஆந்த்வான் டூப்போன் செவன்ஸுக்கு மாறி 2024 பாரிஸில் தங்கம் வாங்கவில்லையா என்று பையன் கேட்டான். வாங்கினார். அவருக்குத் திரும்பிப் போகப் பதினைந்து பேர் ஆட்டத்தில் துலூஸ் கிளப் காத்திருந்தது. நீ எங்கே திரும்பிப் போவாய் என்றேன். பதில் இல்லை.

(என் அண்ணன் மகளும் ஆடுகிறாள். அவளுக்கு என் பதில் வேறு. பெண்களுக்கு இன்றைக்கு செவன்ஸ்தான் பெரிய வாசல்.)

நடுவில் பத்துப் பேர் ஆடும் டென்ஸ் என்று ஒன்று உண்டு. அதை உலகத்துக்குக் கொடுத்ததே நாம்தான். 1967இல் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கிளப் அதைத் தொடங்கியது. பெருமைக்கு நல்லது, மாதச் சம்பளத்துக்கு அல்ல.

இங்கேயே இருந்தால்

மலேசியாவில் 'தொழில்முறை ரக்பி ஆட்டக்காரர்' என்று அட்டை அடித்துக்கொண்டு பிழைப்பது கடினம். நல்ல ஆட்டக்காரர்கள் பலருக்கு இன்னொரு சம்பளச் சீட்டு இருக்கிறது. ராணுவம், போலீஸ், பல்கலைக்கழகம், ஏதாவது அலுவலகம். ஒரு காலத்தில் நான் இதைக் கேவலமாக நினைத்தேன். ஆட்டத்தை முழுசாக நம்பாதவர்களின் ஏற்பாடு என்று. இப்போது நினைப்பதில்லை. சீருடை வேலையில் இருப்பவன் திடலில் தோள் இறங்கி ஒரு மாதம் படுத்தாலும் மாதக் கடைசியில் சம்பளம் ஏறும். பிரிட்டிஷ் ராணுவத்தில் டாங்கிப் படை வீரராக இருந்துகொண்டே பாத் கிளப்புக்கும், 2014 முதல் இங்கிலாந்துக்கும் ஆடினார் ஃபீஜியில் பிறந்த செமேசா ரோக்கோடுகுனி. சீருடையும் பெரிய ஆட்டமும் சேராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

குறை என்னவென்றால், ஒரு மட்டத்துக்கு மேல் ஏற முடியாது. ஆசிய அளவில் ஹாங்காங்கும் தென்கொரியாவும் நம்மைத் தொடர்ந்து மிரட்டுகிற அணிகள். அதற்கு மேல் ஆட வாய்ப்பே அரிது. 2020இல் குளோபல் ரேப்பிட் ரக்பி என்ற தொடரில் 'மலேசியா வால்கே' என்று ஓர் அணி இறங்கியபோது, ஆகா, நமக்கும் வந்துவிட்டது என்று குதித்தேன். பார்த்தால் அது தென்னாப்பிரிக்காவின் வால்கே அணி, நம் பெயரை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதுவும் ஒரே ஒரு சுற்று. கொரோனாவில் தொடரே கலைந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே ரக்பியின் நாற்றங்கால் கோலாகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற விடுதிப் பள்ளிகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பந்தைப் பிடித்துவிடுவார்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கால்பந்து, கபடி என்று வளர்ந்து, இடைநிலைப்பள்ளிக்கு வந்தபிறகுதான் இந்த முட்டைப் பந்தைத் தொடுகிறார்கள். கபடி ஆடியவனுக்கு டேக்கிள் சொல்லித்தர வேண்டியதில்லை, அது வேறு விஷயம். பாஸும் ஸ்க்ரம்மும்தான் பின்தங்கும்.

நியூசிலாந்து, இங்கிலாந்து

நியூசிலாந்துக்குப் போனால் ஆட்டம் கற்கலாம். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மாநில அளவில் 14 அணிகள், அதற்கு மேலே சூப்பர் ரக்பியில் ஐந்தே அணிகள். 88 கிலோ ஃபிளாங்கரை அங்கே அணியிலேயே சின்ன ஆளான ஸ்க்ரம்ஹாஃபுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவன் என்று நினைப்பார்கள். ஆனால் என் கேள்விக்கு அந்த நாட்டில் அழகான பதில் உண்டு. ஏ.சி.சி. என்ற அரசு விபத்துக் காப்பீடு. யார் தப்பு என்று கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் திடலில் முட்டி போனாலும் சரி. அங்கே சம்பாதித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு, முதல் வாரம் கழிந்தபின் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கொடுக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பழக்கூடைதான் ஞாபகம் வந்தது. ஒரு சிக்கல், மாணவர் விசாவில் போய் வேலையே பார்க்காதவனுக்குச் சம்பளமே இல்லை. இல்லாத சம்பளத்தில் 80 விழுக்காடு என்ன கிடைக்கும்?

இங்கிலாந்தைப் பற்றிச் சுருக்கமாக: 2022இல் ஊஸ்டர், வாஸ்ப்ஸ், 2023இல் லண்டன் ஐரிஷ். மூன்று முதல்நிலைக் கிளப்புகள் கடனில் விழுந்து லீக்கை விட்டே போயின. ஒப்பந்தம் கையில் இருந்தவர்களே நடுத்தெருவில் நின்றார்கள். பிரான்சில் பணம் உண்டு, ஆனால் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு அணியில் இடம் ஒதுக்கும் விதியும் உண்டு.

ஜப்பான்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஜப்பானில் ரக்பியை நடத்துவது கம்பெனிகள். டொயோட்டா, தோஷிபா, சன்டோரி என்று தொழிற்சாலைப் பெயர்களே அணிப் பெயர்களில் இருக்கும். 2022 ஜனவரியில் தொடங்கிய லீக் ஒன் மூன்று பிரிவுகளாக நடக்கிறது. நியூசிலாந்தின் ரிச்சி மோஉங்கா 2023இல் தோஷிபாவுக்குப் போனார். 2024இல் அந்த அணி பட்டம் வாங்கியது. அவர் வாங்கிய ஊதியத்தை நாம் பேச வேண்டாம். நான் பார்ப்பது அதே அணியில் ஓரமாக இருக்கும் ஊழியர் ஆட்டக்காரரை. அவர் அந்தக் கம்பெனியின் ஊழியர். அலுவலக வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறார். அடிபட்டால் மேசைக்குத் திரும்புகிறார். 33 வயதில் ஆட்டம் முடிந்தாலும் மேசை அங்கேயே இருக்கும். 1895இல் அந்தச் சுரங்கக்காரர்கள் கேட்டதை ஜப்பான்காரர் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நேராக வெளியிலிருந்து போகிறவருக்கு இது கிடைக்காது. அவர் ஒப்பந்த ஆட்டக்காரர். ஊழியராக வேண்டுமென்றால் ஜப்பானிய மொழியில் வேலை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வழி பல்கலைக்கழகம் வழியாக. மைக்கேல் லீச்சைப் பாருங்கள். நியூசிலாந்தில் பிறந்தவர், பதினைந்து வயதில் சப்போரோவில் உயர்நிலைப்பள்ளிக்குப் போனார். பிறகு தோக்காய் பல்கலைக்கழகம், தோஷிபா, ஜப்பான் அணித் தலைவர். 2015 உலகக் கோப்பையில் பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்திய நாளில் அணியை நடத்தியவர் அவர்தான்.

பையன் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. ஒரு நாட்டில் அறுபது மாதம் தொடர்ந்து குடியிருந்தால் அந்த நாட்டுக்கு ஆடத் தகுதி வரும், குடியுரிமை தேவையில்லை. நாம் இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் என்பதால் இது பெரிய விஷயம். ஆனால் அதற்கு முன்னால் மலேசிய முதல்நிலை அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டாலும் அந்தக் கதவு சாத்திவிடும். பின்னால் நாடு மாற, அவனோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும். எங்கள் தாத்தா பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். ஜப்பான் இல்லை.

கடைசியாகத் தலையில் படும் அடி. 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் (ஸ்க்ரம் முதல் வரிசையில் நடு ஆள்) ஸ்டீவ் தாம்சன், தனக்கு 42 வயதிலேயே மறதி நோய் என்று 2020இல் சொன்னார். கோப்பை வென்ற ஆட்டமே ஞாபகம் இல்லையாம். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியேற வேண்டும் என்பது விதி. சரி, தலைசுற்றலை மறைக்கிறவன் யார்? அடுத்த ஒப்பந்தம் அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் தொங்குகிறதே, அவன். மாதச் சம்பளக்காரன் கையைத் தூக்கிவிட்டு உட்காருவான். இதனால்தான் சம்பளக் கேள்வியை முதலில் வைக்கிறேன்.

ஆக என் வரிசை: ஜப்பான் பல்கலைக்கழகம் கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் இங்கேயே சீருடை வேலை, செவன்ஸ் அதோடு. நியூசிலாந்து, ஒரு வருஷம் கற்றுவர மட்டும். ஐரோப்பா வேண்டாம்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "உன் முட்டி மாதிரி ஆனா?" கம்பெனி மேசைக் கதையைச் சொன்னேன். "முதல்ல எஸ்.பி.எம். முடியட்டும்டா" என்று எழுந்து போனாள். இப்போது அந்த வீட்டுக் குளியலறைக் கதவில் ஜப்பானிய ஹிரகானா எழுத்து அட்டவணை ஒட்டியிருக்கிறது. ஒரு மூலை பிய்ந்திருந்தது. போன வாரம் போனபோது யாரோ செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். தான் ஒட்டவில்லை என்கிறான் பையன்.