போல்ட்டுக்கு 40 நிமிடம், காத்திருப்புக்கு 13 நாள்

பழுதைச் சரிசெய்த பணிமனைக்கு நான்கரை நட்சத்திரம். லாரியைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒன்று. அதுவும் தொலைபேசியை எடுத்த பெண் பொறுமையாகப் பேசியதற்காக. இரண்டையும் கூட்டிச் சராசரி போட எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன. ஒன்றை நானே ஓட்டுகிறேன். மற்றதற்கு டிரைவர் இருக்கிறார். தயாரிப்புக் குறைக்காக நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகாலில் சிக்கியது அவர் ஓட்டும் வண்டி. அதை இன்னொருவரிடமிருந்து வாங்கியதால் அறிவிப்புக் கடிதம் என்னிடம் வரவே இல்லை; விற்றவரின் வீட்டுக்குப் போயிருக்கிறது. நல்ல மனிதர், கடிதத்தை மூலையில் போடாமல் உடனே போன் செய்தார். "தம்பி, வண்டி எங்கே நிற்கிறது? ஸ்டீயரிங் கோளாறாம், ஓட்டவே கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்" என்றார். நிறுவனத்தின் கணக்கேட்டில் அந்த லாரி இன்னும் அவருடையதுதான்.

பழைய வண்டி வாங்கியவர்கள் இதைப் படித்து முடித்ததும், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். ரீகால் வண்டியோடு வருவது. ஆள் மாறினாலும் அது மாறாது. அந்த எண்ணில் 17 இடங்கள் உண்டு. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று ஒதுக்கிவிட்டார்கள். இது தெரியாமல், கிரீஸைத் துடைத்துவிட்டுப் படித்த பூஜ்யத்தை நான் 'ஓ' என்று தட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வாகனமே இல்லை என்று மூன்று முறை பதில் வந்தது. அந்தச் சில நிமிடங்கள் நிம்மதியாகத்தான் இருந்தன.

எல்லா ரீகாலும் ஒரே மாதிரி இல்லை. பெரும்பாலும் வண்டியை ஓட்டிக்கொண்டே, தேதி வாங்கிப் பணிமனைக்குப் போகலாம். எனக்கு வந்தது சரிசெய்யும்வரை நகர்த்தவே கூடாத வகை. காரணம் ஒரே ஒரு போல்ட். ஸ்டீயரிங் வீலிலிருந்து இறங்கும் ஷாஃப்ட், கீழே ஸ்டீயரிங் பெட்டியோடு ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் வழியாகச் சேர்கிறது. அந்த ஜாயிண்டின் கழுத்தை இறுக்கிப் பிடிப்பது இந்த போல்ட்தான். தொழிற்சாலையில் சில வண்டிகளுக்கு அதைப் போதுமான அளவு முறுக்காமல் அனுப்பிவிட்டார்கள். ஜாயிண்ட் நழுவிவிட்டால் வீல் டிரைவர் கையில் சும்மா சுற்றும், முன்சக்கரங்கள் அவை பாட்டுக்குப் போகும். பிரேக் தேய்ந்தால் சத்தம் கேட்கும், ரேடியேட்டர் காய்ந்தால் முள் ஏறும். இது எதையும் சொல்லிக்கொண்டு வராது.

டிரைவரை அழைத்தபோது அவர் முழு லோடோடு சாலையில் இருந்தார். "நன்றாகத்தானே ஓடுகிறது அண்ணே, இன்னும் 150 கிலோமீட்டர்தான். இறக்கிவிட்டு நிறுத்துகிறேன்" என்றார். ஒரு கணம் நானும் அதே கணக்கைப் போட்டேன், மறைக்கவில்லை. பிறகு ஓரங்கட்டச் சொன்னேன். வேறு லாரி பிடித்து, ஆள் வைத்து லோடு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. அதன்பின் இழுவை வண்டி. முன்பக்கத்தைத் தூக்கி இழுப்பதென்றால் பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் ஓடாமல் கியர்பாக்ஸ் மட்டும் சுற்றி, ஆயில் ஏறாமல் கெட்டுப்போகும். வந்தவர் அவசரத்தில் அப்படியே கொக்கி மாட்டப் பார்த்தார். என் டிரைவர் தடுத்திராவிட்டால் ஒரு போல்ட்டுக்காக ஒரு கியர்பாக்ஸையும் இழந்திருப்பேன்.

பணிமனை வளாகத்தில் அதே மாடல் லாரிகள் வரிசையாக நின்றன. என்னுடையது 23ஆவது. புதிய போல்ட்டுகள் அடங்கிய பெட்டி வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்றார்கள். அங்கே வேலை செய்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. மேலாளர் தினமும் மாலை அவரே போன் செய்து "இன்றும் வரவில்லை" என்று சொன்னார். கெட்ட செய்தியைக்கூட நேரத்துக்குச் சொல்வது பெரிய உதவி. மறுநாள் லோடு எடுக்கலாமா வேண்டாமா என்று நாம் முடிவு செய்யலாம் அல்லவா? நட்சத்திரங்களில் பாதி அந்த மாலை நேரப் போன்களுக்குத்தான்.

13 நாள். சக்கரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை. டிரைவருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க நினைத்தேன். அவர் வீட்டை நினைத்து முழுதாகவே கொடுத்தேன். என் காப்பீட்டுப் பாலிசியை வரிவரியாகப் படித்தேன். விபத்து, தீ, திருட்டு எல்லாம் இருந்தன; வண்டி சும்மா நிற்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்குத் தனியாகப் பாலிசி எடுத்திருக்க வேண்டுமாம். வாரம் இரண்டு நடை கொடுத்துவந்த வாடிக்கையாளர் ஏழாம் நாள் வேறு லாரியை ஏற்பாடு செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய சரக்கு காத்திருக்காது.

14ஆம் நாள் காலை என் முறை வந்தது. பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். மெக்கானிக் பழைய போல்ட்டைக் கழற்றுமுன், எவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்று டார்க் ரெஞ்சை வைத்துத் திருப்பினார். உரிய அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். போல்ட் அரைச் சுற்றுக்கு மேல் சுற்றிய பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் என் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். 150 கிலோமீட்டர் கேட்டவர் தரையைப் பார்த்தார். புதிய போல்ட்டைப் போட்டு முறுக்கி, தலையிலிருந்து ஜாயிண்ட் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். மொத்தம் 40 நிமிடம். ஒரு காசு வாங்கவில்லை. டிரைவர் இப்போது டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் டார்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்க்கிறார்.

மீதி கதை வாடிக்கையாளர் பிரிவோடு. "பழுதுநீக்கம் முழுக்க இலவசம், வருமான இழப்பு அதில் சேராது" என்பது முதல் பதில். வாயால் பேசிப் பயனில்லை என்று புரிந்து எழுத்தில் அனுப்பினேன்: இழுவை ரசீது, லோடு மாற்றிய லாரியின் வாடகை ரசீது, முந்தைய மூன்று மாத நடைப் புத்தகத்தின் நகல், வண்டி உள்ளே வந்த தேதியும் வெளியே போன தேதியும் போட்டு மேலாளர் கையெழுத்திட்ட தாள். இந்தக் கடைசித் தாளைக் கேட்டு வாங்காமல் யாரும் வண்டியை எடுத்து வராதீர்கள். வேலைச் சீட்டில் பழுது பார்த்த ஒரு நாள் மட்டும்தான் இருக்கும், நின்ற நாட்கள் இருக்காது. இழுவைச் செலவு முழுதாக வந்தது. மாற்று லாரியின் வாடகையில் பாதி வந்தது. நின்ற நாட்களைப் பற்றி "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரி.

அந்த வரிக்கு நான் பதில் எழுதி 19 நாள் ஆகிறது. இடையில் அவர்களிடமிருந்து வந்த ஒரே செய்தி, காத்திருப்பு அறையின் தூய்மை எப்படி இருந்தது என்று கேட்கும் படிவம். அறை தூய்மையாகத்தான் இருந்தது. 13 நாளும் பார்த்தவன் சொல்கிறேன். பரிசீலனை முடிந்தால் அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் திருத்துகிறேன்.