ஹைப்பர்-வி: ஒரு மடிக்கணினிக்குள் தனி டொமைன்

மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் ஏஎக்ஸ் 2012 போன்ற ஒரு வணிக மென்பொருளைத் தனி மடிக்கணினியில் நிறுவ முயன்றவர்களுக்கு அந்த முயற்சி எங்கே நின்றுபோகும் என்பது தெரியும். நிறுவல் நிரல் கணினியைச் சோதித்துப் பார்த்து, இது எந்த டொமைனிலும் (பயனர்களையும் கணினிகளையும் ஒரே மையத்திலிருந்து நிர்வகிக்கும் பிணையக் குழு) சேர்க்கப்படவில்லை என்று சொல்லி, அதற்கு மேல் நகர மறுத்துவிடும். டேலி இப்படி எதையும் கேட்பதில்லை; ஒரே கணினியில் நிறுவி, நிறுவனத்தின் பெயரைக் கொடுத்து, அன்றைக்கே பில் போடத் தொடங்கிவிடலாம். டைனமிக்ஸ் குடும்பத்திலேயே நாவ் என்ற மென்பொருள் தனக்கென்று பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஏஎக்ஸ் அப்படி வடிவமைக்கப்படவில்லை. உள்ளே வருபவர் யார் என்பதை அது விண்டோஸிடம் கேட்கிறது; விண்டோஸ், டொமைனின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியிடம் கேட்கிறது; அங்கிருந்து வரும் பதிலை நம்பித்தான் கதவு திறக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்திருந்து பதில் சொல்லும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வர் இல்லாத இடத்தில் அந்த மென்பொருளால் ஓட முடியாது.

கோவையில் பம்ப்செட் ஆலைகளுக்கும் வார்ப்பட ஆலைகளுக்கும் இஆர்பி (நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் வணிக மென்பொருள்) பராமரிப்பு செய்து தருவது என் தொழில். ஏஎக்ஸ் 2012 ஆர்3 பதிப்புக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 ஜனவரி 10 அன்று முடிந்துவிட்டது. ஆயினும் அதில் பல ஆண்டுக் கணக்கை வைத்திருக்கும் ஆலைகள் ஒரே நாளில் வேறிடம் போய்விட முடியாது. போகும் நாள் வரை ஒருவர் அதைக் கவனித்துக்கொள்ளத்தான் வேண்டும். வாடிக்கையாளரின் நேரடி சர்வரில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு மாற்றத்தையும் என் மடிக்கணினியிலேயே சோதித்துப் பார்த்துவிடுவது என் வழக்கம். அதற்காக நான் நான்கு ஆண்டுகளாக நம்பியிருப்பது விண்டோஸ் ப்ரோ பதிப்போடு கூடுதல் விலையின்றிக் கிடைக்கும் ஹைப்பர்-வி. ஒரே கணினிக்குள் தனித்தனி மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி இது; கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஏஎக்ஸுக்கு ஒன்றுமாக அதில் இரண்டை வைத்திருக்கிறேன். ஒரு டொமைனை முழுதாக மடிக்கணினிக்குள் குடியமர்த்த இது போதுமா என்ற கேள்விக்கு, போதும் என்பதே என் பதில். ஆனால் அதன் இயல்பான அமைப்புகளில் சில இந்த வேலைக்கு எதிராக இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து மாற்றி வைக்க வேண்டும்.

முதலாவது பிணையம். விண்டோஸ் 10-இன் 1709 வெளியீட்டிலிருந்து ஹைப்பர்-வி, மெய்நிகர் கணினிகளைப் பிணையத்தில் இணைக்கும் 'டீஃபால்ட் ஸ்விட்ச்' ஒன்றைத் தானாகவே உருவாக்கித் தருகிறது. இணையம் உடனே கிடைக்கிறது என்பதால் எல்லோரும் முதலில் அதையே தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் மடிக்கணினியை மறுபடி தொடங்கும்போது அதன் ஐபி முகவரி வரம்பு மாறிவிடக்கூடும். டொமைன் கன்ட்ரோலர் என்பது எல்லோரும் தேடி வரும் இடம். அதன் முகவரி மாறினால், பெயரைக் கொண்டு முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் தடுமாறும், டிஎன்எஸ் தடுமாறினால் டொமைனே இல்லாததுபோல் ஆகிவிடும். ஆகவே மடிக்கணினிக்குள்ளேயே அடங்கிவிடும் 'இன்டர்னல்' வகை ஸ்விட்ச் ஒன்றைத் தனியாக உருவாக்கி, கன்ட்ரோலருக்கு 192.168.50.10 போன்ற நிலையான முகவரியைக் கொடுத்து, மற்ற மெய்நிகர் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பில் அந்த ஒரு முகவரியை மட்டும் எழுத வேண்டும். இதற்குப் பிறகு மடிக்கணினி வைஃபையில் இருக்கிறதா, ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறதா, எதிலுமே இல்லையா என்பது உள்ளே ஓடும் டொமைனுக்குத் தெரியவே தெரியாது. தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் இணையம் அறுந்திருந்த பிற்பகலில் நான் கொள்முதல் ஆர்டர் திரையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்டோர் பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, "நெட்டே இல்லையே சார், இது எங்கிருந்து ஓடுது?" என்று கேட்டார். இந்த அமைப்பின் பயன் என்ன என்று எவரேனும் கேட்டால் அவருடைய அந்தக் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது நேரம். ஆக்டிவ் டைரக்டரி அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில், இரு கணினிகளின் கடிகாரங்களுக்கு இடையே இயல்பாக 5 நிமிடம் வரைதான் வேறுபாடு அனுமதிக்கப்படும். பெரிய நிறுவனங்களில் டொமைன் கன்ட்ரோலரை மெய்நிகர் கணினியாக வைக்கும்போது ஹைப்பர்-வியின் நேர ஒத்திசைவை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. அங்கே கன்ட்ரோலருக்கு நேரம் சொல்ல வெளியே வேறு மூலம் இருக்கும். அந்த அறிவுரையை நான் என் மடிக்கணினியிலும் அப்படியே பின்பற்றினேன். மாலையில் மூடிவைத்து மறுநாள் காலை திறந்தபோது, மென்பொருள் இருந்த கணினி மடிக்கணினியைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. கன்ட்ரோலர் மட்டும் முந்தைய மாலை ஆறரையிலேயே நின்றிருந்தது. சரியான கடவுச்சொல்லை நான்கு முறை கொடுத்தும் உள்ளே விடவில்லை. தனி மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் கணினிகளும் ஒரே இடத்திலிருந்து நேரம் பெறுவதுதான் சரி. ஆகவே ஒத்திசைவை இரண்டிலும் இயக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். இதோடு சேர்த்து, தானியங்கி நிறுத்தம் என்ற அமைப்பில் இயல்பாக இருக்கும் 'சேவ்' என்பதை மாற்றி, மெய்நிகர் கணினியை முறையாக 'ஷட் டவுன்' செய்யும்படி வைப்பதும் நல்லது. தொடங்கும்போது கன்ட்ரோலர் முதலிலும், மென்பொருள் கணினி 180 விநாடி தாமதித்தும் எழும்படி அங்கேயே குறித்துவிடலாம். மிகச் சிறிய வசதிதான். ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் அதன் அருமை தெரிகிறது.

ஹைப்பர்-வியில் எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை ஒருமுறை பெரிதும் தவிக்க வைத்ததும், கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்துவைத்துப் பிறகு அதற்கே திரும்ப உதவும் செக்பாயிண்ட் என்ற வசதிதான். ஏஎக்ஸில் மாத இறுதி இருப்பு முடிப்பு என்ற பணி உண்டு. ஓடி முடிந்தபின் அடக்க விலைகள் மாறியிருக்கும், முடிப்பை ரத்து செய்து பழைய நிலைக்குத் திரும்புவது எளிதான காரியமும் இல்லை. செக்பாயிண்ட் எடுத்துவிட்டு அந்தப் பணியை ஓட்டி, விளைவைப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் திரும்பி, அமைப்பை மாற்றி மறுபடி ஓட்டலாம். ஒரே மாத முடிப்பை ஐந்து வழிகளில் ஓட்டிப் பார்த்து ஒப்பிட முடிகிறது என்பது, கணக்குப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டிய என் போன்றவர்களுக்குப் பெரிய வரம்.

ஆனால் டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் மனிதர்களைப் போலவே ஒரு கடவுச்சொல் இருக்கிறது. அதை அந்தக் கணினியே இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக் கன்ட்ரோலரில் பதிந்துவிடுகிறது. நான் மென்பொருள் கணினியை மட்டும் இரண்டு மாதம் பழைய செக்பாயிண்டுக்குத் திருப்பினேன். அது பழைய கடவுச்சொல்லோடு எழுந்தது. கன்ட்ரோலரோ புதியதை வைத்திருந்தது. இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்ற ஆங்கிலச் செய்தி திரையில் நின்றது. லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லை நான் எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை; பழைய நோட்டுப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க அன்றிரவு பதினொன்றாகிவிட்டது. உள்ளே நுழைந்தபின் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்' கட்டளையை 'ரிப்பேர்' சேர்த்துக் கொடுத்ததும் ஒரு நிமிடத்தில் உறவு சீராகிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு கணினிகளையும் அணைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே பெயரில் செக்பாயிண்ட் எடுக்கிறேன்; திருப்பினாலும் இரண்டையும் சேர்த்தே திருப்புகிறேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு கன்ட்ரோலர் என்பதால், பல கன்ட்ரோலர்கள் உள்ள நிறுவனங்களில் செக்பாயிண்டுக்குத் திரும்புவதால் வரக்கூடிய பிரதியெடுப்புச் சிக்கல் இங்கே எழுவதில்லை. விண்டோஸ் 10, 11-இல் புதிய மெய்நிகர் கணினிகளுக்கு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும் தானியங்கி செக்பாயிண்டை மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மெய்நிகர் கணினியில், கன்ட்ரோலரின் மேலேயே நிறுவிவிட்டால் இந்தத் தொல்லை வராதே என்று கேட்கலாம். 8 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள மடிக்கணினிக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை என்பதும் உண்மை. ஆனால் ஏஎக்ஸின் தரவுத்தளத்தை இயக்கும் எஸ்கியூஎல் சர்வரை டொமைன் கன்ட்ரோலரில் நிறுவுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. எஸ்கியூஎல் ஏற்கெனவே இருக்கும் கணினியைக் கன்ட்ரோலராக மாற்ற வேண்டுமானால் முதலில் எஸ்கியூஎல்லை நீக்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் சர்வரைப் போலவே சோதனைக் களமும் இருக்க வேண்டும் என்று கருதி நான் இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறேன். என் மடிக்கணினியில் 32 ஜிபி இருக்கிறது. வரைகலைத் திரையில்லாத சர்வர் கோர் முறையில் கன்ட்ரோலருக்கு 2 ஜிபி தாராளம், மென்பொருள் கணினிக்கு 16 ஜிபியை மாறாத அளவாகக் கொடுத்திருக்கிறேன். எஸ்கியூஎல் சர்வரிடம் உச்சவரம்பு சொல்லாவிட்டால் கிடைத்த நினைவகத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். அதற்கு 8 ஜிபி என்று எல்லை வகுத்தபின் எல்லாம் சீராக ஓடுகிறது. வன்தட்டு எஸ்எஸ்டியாக இருப்பது கட்டாயம்.

வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை இந்தத் தனி டொமைனுக்குக் கொண்டுவருவதில் நுட்பமான ஒரு கட்டம் உண்டு. ஆர்2 பதிப்பிலிருந்து தரவுக்கு ஒன்றும் நிரலுக்கு ஒன்றுமாக இரண்டு தரவுத்தளங்கள் இருப்பதால், இரண்டையும் மீட்டெடுக்க வேண்டும். மீட்டெடுத்தபின் திறந்தால் எவராலும் உள்ளே போக முடியாது. ஏனென்றால் யூசர்இன்ஃபோ என்ற அட்டவணையில் ஒவ்வொரு பயனருக்கும் எதிரே வாடிக்கையாளர் டொமைனின் பெயரும், அந்த டொமைன் வழங்கிய எஸ்ஐடி என்ற அடையாள எண்ணும் பதிவாகியிருக்கின்றன. என் டொமைனில் அதே பெயரில் ஒரு பயனரை உருவாக்கினாலும் எஸ்ஐடி வேறாகத்தான் இருக்கும். இந்த மென்பொருளுக்குப் பெயரை விட அந்த எண்ணே முக்கியம். ஆகவே கட்டளைத் திரையில் 'ஹூஆம்ஐ' கட்டளையைப் பயனர் விவரத்தோடு ஓட்டி என் எஸ்ஐடியை எடுத்து, அட்மின் என்ற ஒரே ஒரு வரிசையில் டொமைன் பெயர், பயனர் பெயர், எஸ்ஐடி ஆகிய மூன்று புலங்களை மட்டும் எஸ்கியூஎல் வழியாக மாற்றிவிடுகிறேன். ஏஎக்ஸின் சர்வர் பகுதியான ஏஓஎஸ் சேவை ஓடும் புதிய கணக்குக்கும் தரவுத்தளத்தில் உரிமை கொடுத்துச் சேவையைத் தொடங்கினால் கதவு திறந்துவிடும். தொடங்கும் முன், குறித்த நேரத்தில் தானாக ஓடும் பேட்ச் வேலைகளில் நிலுவையில் இருப்பவற்றை நிறுத்தி வைப்பது அவசியம். இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் இரவுப் பணிகளெல்லாம் நம் மேசையில் ஓடத் தொடங்கிவிடும். இன்டர்னல் ஸ்விட்ச் இருப்பதால் ஒரு மின்னஞ்சல்கூடச் சோதனைக் கணினியிலிருந்து விற்பனையாளர்களுக்குப் போக வழியில்லை என்பது எனக்குப் பெரும் நிம்மதி. ஓர் ஆலையின் முழுக் கணக்கும் என் பையில் இருக்கிறது என்பதால் வன்தட்டை பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டியே வைத்திருக்கிறேன். ப்ரோ பதிப்பில் அதுவும் உடன் வருகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடையாது. கடையில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹோம் பதிப்பே இருப்பதால் ப்ரோவுக்கு மாறும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி கருவியை நேரடியாக மெய்நிகர் கணினிக்குள் கொடுக்கும் வசதி இதில் இல்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கனையோ, உரிமத்துக்கான டாங்கிளையோ உள்ளே செருகித்தான் வேலை நடக்கும் என்றால் இது பெரிய தடை. இதே வகை மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ அதை எளிதாகச் செய்கிறது. 2024 நவம்பரிலிருந்து அது வணிகப் பயன்பாட்டுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் ஹோம் பதிப்பிலும் ஓடும் என்றாலும், ஹைப்பர்-வி இயக்கத்தில் இருக்கும் அதே கணினியில் அதன் வேகம் குறைந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. ஹைப்பர்-வி ப்ரோ பதிப்போடு வந்துவிட்டாலும், உள்ளே நிறுவும் விண்டோஸ் சர்வருக்குத் தனி உரிமம் வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்கான 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் தருகிறது. அதை முதல் 10 நாளுக்குள் இணையம் வழியாகச் செயல்படுத்த வேண்டும் என்பதால், தனிமைப்படுத்தப்பட்ட இந்தக் கணினிகளுக்கும் ஒரே ஒரு முறை வெளி இணைப்பைக் கொடுத்துவிட்டுத் துண்டிக்க வேண்டும். காலம் முடிந்த மதிப்பீட்டுப் பதிப்பு மணிக்கொரு முறை தானாக அணைந்துவிடும். அது பெரும்பாலும் வாடிக்கையாளர் முன்னிலையில்தான் நடக்கும் என்பதால் காலாவதி நாளை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். தொடர்ந்து இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு விஷுவல் ஸ்டுடியோ சந்தாவோடு வரும் சோதனை உரிமமே முறையானது. எஸ்கியூஎல் சர்வரின் டெவலப்பர் பதிப்பு 2016 முதல் இலவசம். அதுவும் சோதனைக்கு மட்டுமே. இந்த உரிமங்களை வைத்து ஓர் ஆலையின் நடப்புக் கணக்கை மடிக்கணினியில் எழுத அனுமதி கிடையாது.

16 ஜிபிக்கு மேல் நினைவகமும் ப்ரோ பதிப்பும் உள்ள மடிக்கணினி கையில் இருந்து, யுஎஸ்பி டோக்கன் தேவையும் இல்லாத ஏஎக்ஸ் ஆலோசகர்கள் தயங்காமல் ஹைப்பர்-வியையே தேர்ந்தெடுக்கலாம். டோக்கன் இல்லாமல் முடியாது என்பவர்கள் விஎம்வேருக்குப் போவது நல்லது. நேரத்தைப் பற்றியும், கணினிகளின் கடவுச்சொல்லைப் பற்றியும், எஸ்ஐடியைப் பற்றியும் மேலே சொன்னவை அங்கேயும் அப்படியே பொருந்தும்.